வௌவாலை விடுங்கள், விரல்களைப் பாருங்கள்

2025 ஜூலை 22 அன்று 'பிளாக் சாபத்' இசைக்குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் தமது 76ஆம் வயதில் மறைந்தார். அடுத்த சில நாட்களில் நான் வாசித்த இரங்கல் குறிப்புகள் முப்பதுக்குக் குறையா. அவற்றுள் வௌவால் இடம்பெறாத குறிப்பு ஒன்றுகூட இல்லை. 1982 ஜனவரியில், அமெரிக்காவின் டி மாயின் நகர மேடையில், ரசிகர் ஒருவர் வீசியெறிந்த வௌவாலின் தலையை அவர் கடித்தார். ரப்பர் பொம்மை என்று எண்ணியதாகப் பின்னர் சொன்னார். 43 ஆண்டுகள் கடந்தும் அந்த மனிதரின் மரணச் செய்தியை அந்த வௌவாலே தூக்கிக்கொண்டு பறக்கிறது.

ஊடகங்கள் அப்படித்தான். அதற்காக நான் இரவு கண்விழித்து எழுத மாட்டேன். என்னை எழுத வைத்தது வேறொன்று. எங்கள் துறையின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் அந்தச் செய்தியைப் பகிர்ந்தார். நீண்ட காலமாகப் பண்பாட்டு ஆய்வு கற்பித்துவரும், நான் இன்றும் மதிக்கும் பேராசிரியர் ஒருவர், இரைச்சலின் சகாப்தம் ஒன்று முடிந்தது என்று மறுமொழி இட்டார். 14 பேர் சிரிப்புக் குறி இட்டனர். அவர்களுள் ஒருவர், ஒப்பாரியை வெற்றுக் கூச்சல் என்று பதிவுசெய்த காலனிய அதிகாரிகளைக் கண்டித்துக் கட்டுரை எழுதியவர். நல்ல கட்டுரை அது. அதை நான் இருமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் நடந்த உரையாடலுக்குத் தமிழில் ஏன் மறுமொழி என்று சிலர் கேட்கக்கூடும். அக்குழுவில் எதை எழுதினாலும் அது பகடியாகவே கொள்ளப்படும் என்பது ஒரு காரணம். தமிழ் அறிவுப்புலத்திலும் இதே சிரிப்பை இதே முகத்தோடு சிரிப்பவர்கள் பலர் உண்டு என்பது மற்றொரு காரணம். இரைச்சல் என்ற சொல்லை ஆய்வாளர் ஒருவர் தீர்ப்பாகப் பயன்படுத்தும் கணத்தில் அவர் ஆய்வாளராக இருப்பதை நிறுத்திக்கொள்கிறார் என்பதே என் வாதம். அதிலும் பண்பாட்டு ஆய்வு என்னும் துறையைச் சேர்ந்தவர் இந்த இசையை நோக்கி அச்சொல்லை எறிவாராயின், அவர் தம் துறை பிறந்த ஊரின் வரலாற்றையே அறியாதவர் ஆகிறார். ஏனென்று சொல்கிறேன்.

செய்தி வந்த இரவு 'பேரனாய்ட்' இசைத்தொகுப்பை முழுமையாக மீண்டும் கேட்டேன். 8 பாடல்கள், ஏறத்தாழ 42 நிமிடங்கள். முதன்முதலில் அதை நான் கேட்டது முதுகலை முதலாண்டில், விடுதி அறைத்தோழனின் வன்தட்டிலிருந்து. அன்று எனக்கு அதன் ஆங்கிலம் பாதி விளங்கவில்லை; விளங்காமலே பிடித்தது. இடையில் பதினோரு ஆண்டுகள். அவற்றுள் கடைசி நான்கைந்து ஆண்டுகளை ஃபரிதாபாத், மானேசர் வட்டாரங்களின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் பவர் பிரஸ் இயந்திரத்தில் விரல் இழந்த தொழிலாளர்களின் இழப்பீட்டுக் கோப்புகளோடு கழித்திருக்கிறேன். அதன் பின்னர் இந்தத் தொகுப்பைக் கேட்பது வேறொரு அனுபவம். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிதாரைக் கேட்டேன். இம்முறை ஒரு கையைக் கேட்டேன்.

அந்தக் கை டோனி அயோமியுடையது. பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர். தகட்டுலோகத் தொழிற்சாலையில் வெல்டர். 17ஆம் வயதில், இசைக்குழுவோடு சுற்றுப்பயணம் செல்வதற்காக வேலையை விடுகிறார். அன்று கடைசி நாள். மதிய உணவுக்குப் பின் திரும்பிப் போக வேண்டாம் என்று எண்ணியவரை, ஒழுங்காக வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பியவர் அவருடைய தாய். தகட்டை வளைக்கும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள். வலக்கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனிகள் போயின. அவர் இடக்கை வாசிப்பாளர். எனவே போனது நரம்பை அழுத்தும் கை.

இந்தக் கதையை இசை இதழ்கள் விந்தைக் கதையாகச் சொல்லும். எனக்கு இது கோப்பு. வழக்கமாக நிற்பவர் வரவில்லை. பயிற்சி இல்லாதவரை நிறுத்தினார்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் இந்தியில் எத்தனை வாக்குமூலங்களில் வாசித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு அதன் முதல் அட்டவணை தெரியும். மனித உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வருவாய் ஈட்டும் திறனில் எத்தனை விழுக்காடு இழப்பு என்று விலை எழுதிய பட்டியல் அது. நடுவிரலில் ஒரு கணு போனால் 7. மோதிர விரலில் ஒரு கணுவுக்கு 5. எலும்பு சேதமின்றி நுனி மட்டும் வெட்டுப்பட்டால் இன்னும் குறைவு. அந்த இரவு அயோமியின் கையை அந்த அட்டவணையில் பொருத்திப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிலும் ஒரு கணு என்று கொண்டால் 12 விழுக்காடு. மீதி 88 விழுக்காட்டைக் கொண்டு அந்த இளைஞர் என்ன செய்தார் என்பதே ஹெவி மெட்டலின் தொடக்கம்.

அவர் செய்தது இது. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தார். அதன்மேல் பழைய தோல்சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினார். மருத்துவமனை கொடுத்ததல்ல, தொழிற்சாலை கொடுத்ததல்ல. பட்டறைப் பையனின் கைவேலை. கனமான நரம்புகளை அந்த உறை அழுத்த முடியவில்லை; மெல்லிய கிதார் நரம்புகள் அன்று கடையில் கிடைக்கவில்லை; பான்ஜோ நரம்புகளை மாட்டினார். 1971இல் வந்த மூன்றாம் தொகுப்பில் நரம்புகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். உலகமெங்கும் இந்த வகை இசையின் அடையாளமாகிவிட்ட அந்தக் கனத்த, தாழ்ந்த நாதத்தின் பின்னால் வலியைக் குறைக்கும் ஒரு ஏற்பாடும் இருக்கிறது. விபத்துக்குப் பின் மனமுடைந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலையின் மேலாள் ஒருவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீ விபத்தில் இரு விரல்களின் பயனை இழந்தபின் கிதார் வாசித்த மேதை அவர். முதலாளித்துவ உற்பத்தி உறவுக்குள்ளும் இப்படி ஒரு இசைத்தட்டு கைமாறும். என் ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை, இங்கே இருக்கட்டும்.

விபத்துதான் இந்த இசையைப் பெற்றது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விரல் இழந்தோர் ஆயிரமாயிரம். விரலின் இழப்பு ஒலியின் தேர்வாக மாறிய அந்த இடைவெளியில் ஒருவரின் அறிவு வேலை செய்திருக்கிறது. அந்த அறிவையே நாம் இரைச்சல் என்கிறோம்.

இனி ஆஸி. அவருடைய தந்தை கருவி செய்யும் தொழிலாளி, இரவுப்பணி. தாய் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். பையன் 15 வயதில் பள்ளியை விட்டான். இன்று டிஸ்லெக்சியா என்று நாம் அறிந்திருக்கும் வாசிப்புச் சிரமம் அன்று அவனுக்கு மக்கு என்ற பட்டத்தையே பெற்றுத் தந்தது. ஆட்டுமாடு அறுக்கும் கொட்டிலில் வேலை. அதற்கு முன்னும் பின்னும் பல வேலைகள். அவற்றுள் ஒன்று, கார் ஒலிப்பான்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டுச் சோதிப்பது. திருட்டு வழக்கில் அபராதம் கட்ட இயலாமல் சில வாரச் சிறை. நாள் முழுதும் ஒலிப்பான்களின் நடுவே நிற்கச் சம்பளம் பெற்ற ஒருவரைப் பார்த்து, உன் பாட்டு இரைச்சல் என்று பேராசிரியர் சொல்கிறார். இரைச்சல் எதுவென்று அவருக்கு எங்கள் பேராசிரியரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் ரசிகர்களின் பக்கமும் நான் முழுமையாக நிற்க முடியாது. இரங்கல் எழுதிய பலர் 'வார் பிக்ஸ்' பாடலை ஆஸியின் போர் எதிர்ப்புக் கவிதை என்று புகழ்ந்தனர். அது தவறு. அந்தத் தொகுப்பின் வரிகளில் மிகப் பெரும்பாலானவை பேஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லருடையவை. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வியட்நாம் போருக்குப் பிரிட்டனும் இழுக்கப்பட்டால் தன்னையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அஞ்சியவர். 'ஹேண்ட் ஆஃப் டூம்' பாடல், ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைமுகாம்களில் வாசிக்கப் போனபோது, வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் ஹெராயினில் வீழ்ந்து கிடந்ததைக் கண்டு எழுதியது. 'எலக்ட்ரிக் ஃபியூனரல்' அணுப்போரைப் பற்றியது. தலைப்புப் பாடலே மனச்சோர்வைப் பற்றியது. தொகுப்பின் நேரம் போதவில்லை என்பதற்காகச் சில நிமிடங்களில் இட்டு நிரப்பப்பட்ட பாடல், பிரிட்டிஷ் தனிப்பாடல் வரிசையில் 4ஆம் இடம் வரை சென்றது. 1970 ஜூனில் இதைப் பதிவுசெய்தபோது நால்வருள் மூத்தவர்களுக்கு 22 வயது. இளையவரான பட்லருக்கு 20.

தொகுப்புக்கு முதலில் வைத்த பெயரே 'வார் பிக்ஸ்'. நிறுவனம் மாற்றியது. ஆனால் அட்டைப்படம் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், கேடயமும் வாளும் ஏந்திப் பாய்கிற ஒருவரின் படம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மனச்சோர்வுக்கும் அந்த வாளுக்கும் என்ன தொடர்பு என்று என் அறைத்தோழனும் நானும் ஒரு இரவு முழுதும் குறியியல் ஆய்வு நடத்தியிருக்கிறோம். தணிக்கை விட்டுச்சென்ற தழும்பு அது என்று பின்னாளில்தான் தெரிந்தது. ரோலான் பார்த் படித்த திமிரில் நடந்த அந்த ஆய்வை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாடல்களின் உரிமை நால்வர் பெயரிலும் இருக்கிறது. அதுவே நியாயம் என்று தொகுப்பைக் கேட்டால் புரியும். 'வார் பிக்ஸ்' எப்படித் தொடங்குகிறது? மெதுவான, கனத்த நடை. அதன்மேல் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு. பிறகு அனைத்தும் விலகிக்கொள்ள, பில் வார்டின் தாளத்தட்டு மட்டும் டிக்டிக்கென்று ஓடுகிறது. அந்த வெறுமையில் குரல் தனியே நிற்கிறது. அடிகளுக்கு இடையே கிதார் வந்து இரு வெட்டு வெட்டிவிட்டுப் போகிறது. உலகின் மிக உரத்த இசை என்று நாம் கேலி செய்யும் ஒன்றின் தலையாய பாடல் மௌனங்களால் கட்டப்பட்டிருக்கிறது. ஜாஸ் தாளக்காரர்களைக் கேட்டு வளர்ந்த வார்ட் இல்லாமல் இது நிகழ்ந்திராது. 'பிளானெட் கேரவன்' பாடலில் இரைச்சலைத் தேடுபவர் ஏமாந்து போவார்; சுழலும் ஒலிபெருக்கி வழியே வரும் குரலும் கொங்கா மேளமும் மட்டுமே அதில் முன்நிற்கின்றன.

அப்படியானால் ஆஸியின் பங்கு என்ன? குரல்தான், அந்தக் குரலின் நிலைப்பாடு. பட்லரின் வரிகளை ஒரு தீர்க்கதரிசியின் குரலில் பாடியிருந்தால் அவை பிரசங்கம் ஆகியிருக்கும். ஆஸி அவற்றைப் பயந்துபோன ஒருவனின் குரலில் பாடுகிறார். 'அயர்ன் மேன்' பாடலில் அவருடைய மெட்டு கிதாரின் ரிஃபை அடி பிசகாமல் பின்தொடர்கிறது. இசைப்பள்ளி இதைக் கற்பனை வறட்சி என்னும். எனக்கோ, இயந்திரத்தின் நடைக்கு வெளியே தன் நடை ஒன்றை வைத்துக்கொள்ள முடியாத மனிதனின் பாட்டு இப்படித்தான் இருக்க முடியும் என்று தோன்றுகிறது. இதைச் சொல்ல இரங்கல் எழுதிய யாருக்கும் இடமிருக்கவில்லை. வௌவாலுக்கு இடம் வேண்டியிருந்தது.

இனி என் உண்மையான எதிராளிக்கு வருகிறேன். அவர் எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இல்லை. எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறார்.

நாம் பண்பாட்டு ஆய்வு என்று கற்பதும் கற்பிப்பதும் எங்கே பிறந்தது? 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில். எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்? பர்மிங்காமில். ஆஸ்டனிலிருந்து சில மைல் தொலைவில். ஸ்டூவர்ட் ஹால் 1979 வரை அந்த மையத்தை வழிநடத்தினார். உழைக்கும் வர்க்க இளைஞர்கள் தம் வாழ்நிலையை எவ்வாறு பண்பாடாக வடிவமைக்கிறார்கள் என்பதே அம்மையத்தின் தலையாய கேள்வி. அதே ஊரில், அதே ஆண்டுகளில், உழைக்கும் வர்க்க இளைஞர் நால்வர், உலகமே பின்பற்றப்போகிற இசைவகை ஒன்றைத் தம் வாழ்நிலையிலிருந்து செய்துகொண்டிருந்தார்கள். 'பேரனாய்ட்' 1970 செப்டம்பர் 18 அன்று வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஒளிந்து நடந்த நிகழ்வல்ல. உள்ளூர் வானொலியைத் திருப்பினால் கேட்டிருக்கும்.

மையம் என்ன செய்தது? மாட்ஸ், டெடி பாய்ஸ், ஸ்கின்ஹெட், ராஸ்தஃபாரி, பங்க் என்று ஒவ்வொரு துணைப்பண்பாட்டையும் துருவித் துருவி எழுதியது. டிக் ஹெப்டிஜின் துணைப்பண்பாடு பற்றிய 1979ஆம் ஆண்டு நூலை நாம் அனைவரும் வாசித்திருக்கிறோம், தேர்வில் எழுதியிருக்கிறோம். ஊக்குப்பின்னைக் கன்னத்தில் குத்திக்கொள்வதன் குறியியல் அதில் எத்தனை பக்கம்! ஹெவி மெட்டலுக்கு எத்தனை? நூலின் பின்பகுதியில் ஒரு குறிப்பு. அதிலும் நீண்ட முடி, டெனிம், மூடர்களின் ஆட்டம், ஹிப்பி அழகியலோடு கால்பந்துத் திடலின் ஆண்மைச் செருக்கு கலந்த விசித்திரக் கலவை என்ற அளவோடு முடிகிறது. பெருமளவு உழைக்கும் வர்க்க ரசிகர்கள் இதற்கு உண்டு என்பதையும் அந்தக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. தம் கோட்பாட்டின் மையச் சான்று ஆகியிருக்க வேண்டிய ஒன்றை அடிக்குறிப்பில் வைத்து, அதையும் மூடம் என்று சொல்லிவிட்டு நகர்கிறது.

அவர்களுக்கு அந்தப் பகுதி தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஹாலும் சக ஆய்வாளர்களும் எழுதிய 'போலீசிங் த கிரைசிஸ்', ஆஸ்டனை அடுத்த ஹேண்ட்ஸ்வொர்த்தில் 1972இல் நடந்த வழிப்பறி வழக்கிலிருந்தே தொடங்குகிறது. ஒப்பற்ற நூல்; அதன் முறையியல் இல்லாமல் என் ஆய்வேடே இல்லை. பால் வில்லிஸ் 1977இல், மிட்லண்ட்ஸ் தொழில்நகரப் பள்ளி ஒன்றின் பையன்கள் எப்படித் தாமே விரும்பித் தொழிற்சாலைக்குள் போகிறார்கள் என்று எழுதினார். அந்த நூலின் பையன்கள் பள்ளி முடித்து வெளியே வந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஆக, அறியாமை அல்ல, பார்வைக் கோளாறு. எதிர்ப்பு என்றால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாணியாக வேண்டும், குறும்பாக வேண்டும், முதலாளித்துவப் பண்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு நம்மைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும் என்று அந்தக் கோட்பாடு எதிர்பார்த்தது. பங்க் கண் சிமிட்டியது. கலைக்கல்லூரி படித்தவர்கள் அதன் அருகில் இருந்து அதற்கு உரை எழுதினார்கள். ஆஸ்டன் பையன்கள் கண் சிமிட்டவில்லை. அவர்கள் போரைப் பற்றிப் பாடியபோது போரைப் பற்றித்தான் பாடினார்கள். டெனிம் அணிந்தது வேறெதையும் சுட்டவில்லை. அது வேலை உடுப்பு. பகடி இல்லாத தீவிரத்தை வாசிக்கும் கருவி நம் துறையிடம் அன்று இல்லை. இன்றும் பல இடங்களில் இல்லை. தீவிரமாக ஒருவர் அழுதால் நமக்குச் சிரிப்பு வருகிறது. 14 சிரிப்புக் குறிகள்.

பின்னாளில் இந்தப் பிழை திருத்தப்படவில்லையா என்றால், திருத்தப்பட்டது. டீனா வைன்ஸ்டைன் 1991இலும், ராபர்ட் வால்சர் 1993இலும் எழுதிய நூல்களுக்குப் பின் இது ஒரு ஆய்வுப்புலம். தனி ஆய்விதழே வருகிறது. 1970இல் முதல் தொகுப்பை ஏளனம் செய்த 'ரோலிங் ஸ்டோன்' இதழ்கூட, 2017இல் மெட்டல் தொகுப்புகளின் வரிசையில் 'பேரனாய்டை' முதலிடத்தில் வைத்துத் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில், பண்பாட்டு ஆய்வின் பெயரால், இரைச்சல் என்ற தீர்ப்பு வருகிறது என்றால், நாம் பர்மிங்காமிலிருந்து அதன் கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் காதுகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மையத்தின் வழிவந்த துறையை அந்தப் பல்கலைக்கழகமே 2002இல் மூடிவிட்டது. காதுகள் மட்டும் இங்கே உயிரோடு இருக்கின்றன.

அடோர்னோவைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். வெகுசன இசை பற்றிய அவருடைய 1941ஆம் ஆண்டுக் கட்டுரை எங்கள் துறையில் எல்லாக் கதவுகளுக்கும் பொருந்தும் சாவி. திரும்பத் திரும்ப வருவதெல்லாம் தரப்படுத்தப்பட்ட பண்டம் என்றால், ஆலாபனைக்குப் பின் வரும் பல்லவியையும், உடுக்கையடிப் பாட்டையும், பறையின் அடவுகளையும் எந்தத் தட்டில் வைப்பது? ஏன் திரும்ப வருகிறது, யாருடைய உடலில் அந்தத் திரும்புதல் முன்பே குடியிருக்கிறது என்று கேட்காமல் இதைப் பேச முடியாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையில் கடினமான எதிர்வாதம் மற்றொன்று. தோழி ஒருவர் நேரில் கேட்டார்: இந்தியாவில் இந்த இசையைக் கேட்பவர் யார்? ஆங்கிலவழிக் கல்லூரியின் பையன்கள். பொறியியல் கல்லூரி விழாக்கள். நுழைவுச்சீட்டு வாங்கவும் கிதார் வாங்கவும் வசதியுள்ள வீடுகள். உன் தொழிலாளி எங்கே இதில்?

கேள்வி நியாயமானது, பதில் எனக்குச் சாதகமானதும் அல்ல. வடகிழக்கின் நிலை வேறு. அங்கே இதன் வேர்கள் வேறு மண்ணில் இறங்கியிருக்கின்றன. ஆனால் பெருநகரங்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரிதும் சரி. 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்ததைப் பற்றி இன்றும் கண் கலங்கப் பேசும் மூத்த ஆய்வாளர்களை அறிவேன். அவர்களில் யாருடைய தந்தையும் தகடு வளைத்தவர் அல்லர். ஆஸ்டன் தொழிலாளியின் பிள்ளைகள் செய்த இசை இங்கே வந்து இறங்கும்போது ஆங்கிலம் அறிந்தவரின் அணிகலன் ஆகிவிட்டது. கறுப்புச் சட்டை அணிந்து, தம் வீட்டுப் பணியாளரிடம் முகம் கொடுத்துப் பேசாத ரசிகர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இது வரவேற்பின் சமூகவியல். ஒரு பிரதி யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது அந்தப் பிரதி என்ன சொல்கிறது என்பதற்கு விடை ஆகாது. மார்க்சின் நூல்களைத் தில்லியில் அதிகம் வைத்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அந்த வாதத்தை நாம் நீட்டிச் செல்ல விரும்ப மாட்டோம். மேலும் ஒரு சிறு நிகழ்வு. மானேசரில் நான் பேசிவரும் தொழிலாளி ஒருவருக்கு வலக்கையில் இரு விரல்கள் இல்லை. அயோமியின் பிளாஸ்டிக் உறையின் கதையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். பாட்டைக் கேட்க அவர் விரும்பவில்லை. அவர் விரும்பியது அந்த உறை எந்தச் சூட்டில் உருகியது, எப்படி ஒட்டியது என்று அறிய. பாதிக்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியின் கைவேலையைப் பற்றிக் கேட்ட கேள்வி. ஒரு கருத்தரங்கிலும் நான் எதிர்கொள்ளாத தரத்தில் இருந்தது.

இறந்தவரைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. 1989இல் போதையில் மனைவியின் கழுத்தை நெரித்துக் கைதானவர் அவர். இரங்கல் குறிப்புகள் பல இதையும் வௌவாலோடு சேர்த்து 'வெறியாட்ட வாழ்க்கை' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டன. வௌவால் அபத்தம்; இது குற்றம். இரண்டையும் ஒரே தொனியில் சொல்பவர்களின் தொனியைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

நால்வரின் சகோதரத்துவம் என்று உருகுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2012இல் குழு மீண்டும் கூடியபோது, தமக்குத் தரப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட இயலாது என்று பில் வார்ட் வெளியேறினார். அவர் இல்லாமலே 2013இன் தொகுப்பு வந்தது. 'பேரனாய்டுக்கு'ப் பின் பிரிட்டனில் அவர்களின் முதல் முதலிடத் தொகுப்பு. 2017 பிப்ரவரியில் பர்மிங்காமில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியிலும் அவர் இல்லை. உழைப்பின் வரலாறு படிக்கிறவனுக்கு இது நட்பு முறிவின் கதை அல்ல, ஒப்பந்தத்தின் கதை. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவர்கள், தொழிற்சாலையின் கேள்வியை விட்டு வெளியே வரவில்லை.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனில், ஆஸி வளர்ந்த தெருக்களுக்கு நடந்து போகும் தொலைவிலுள்ள வில்லா பார்க் திடலில், நால்வரும் ஒன்றாக மேடையேறினர், வார்டும் வந்திருந்தார். பார்க்கின்சன் நோயால் நிற்க இயலாத ஆஸி, இருக்கையில் அமர்ந்தபடி பாடினார். அந்தக் காணொளியை அவர் இறந்த பிறகே பார்த்தேன். 'வார் பிக்ஸ்' பாடலில் தாளத்தட்டு மட்டும் ஓடும் அந்த இடம் வந்தபோது, குரல் சற்றுப் பிந்தி வந்தது. 40,000 பேர் இருக்கும் திடல் அந்த இடத்தை இட்டு நிரப்பியது. 17 நாட்கள் கழித்து இறந்தார்.

அடுத்த பருவத்தில் தொடங்கவிருக்கும் 'உழைப்பும் பண்பாடும்' என்ற விருப்பப்பாடத்துக்கு, ஒரு வாரத்துக்குரிய வாசிப்பைப் பரிந்துரைக்குமாறு ஆய்வு மாணவர்களிடம் துறை கேட்டிருந்தது. மூன்றை எழுதி அனுப்பினேன்: 'போலீசிங் த கிரைசிஸ்' நூலின் முதல் இயல், 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, 'பேரனாய்ட்' தொகுப்பின் முதல் பக்கத்திலுள்ள நான்கு பாடல்கள். மூன்றாவது வாசிப்பு அல்லவே, அதற்குப் பிரதி எங்கே என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. வியாழக்கிழமை கூட்டம். ஒலிபெருக்கியை நானே கொண்டுவருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.